காசிமேட்டு ஏலக் கணக்கை ஹாஸ்கெல்லில் எழுதுவது எப்படி: எந்த இடத்தில் எந்த லைப்ரரி?

ஹாஸ்கெல் என்ற நிரல் மொழியைப் படித்த பையன்களிடம் மோனாட் என்றால் என்ன என்று கேட்டால் மூச்சு விடாமல் பேசுவார்கள். ஒரு சிஎஸ்வி ஃபைலைத் திறந்து மீன் வாரியாக மொத்தம் போட்டுக் கொடு என்றால், "அண்ணா, இதுக்கு எந்த லைப்ரரி?" என்று நிற்பார்கள். தண்டையார்பேட்டை, பெரம்பூர் பக்கம் என்னிடம் வரும் கேள்விகளில் முக்கால்வாசி இந்த ரகம்தான். பாடங்கள் மொழியைச் சொல்லித் தருகின்றன. ஒரு வேலைக்கு நாலு லைப்ரரி, அதாவது யாரோ எழுதி வைத்த ஆயத்த நிரல் தொகுப்பு, கிடக்கும்போது எதை எடுப்பது என்று சொல்லித் தருவதில்லை.

அதனால் ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஒரு கமிஷன் கடை. விடியுமுன்னே ஏலம் நடக்கிறது. கடைப்பையன் எக்ஸெல்லில் ஐந்து பத்தி நிரப்பி சிஎஸ்வி ஃபைலாகச் சேமிக்கிறான்: நேரம், படகு, மீன், கிலோ, விலை. நமக்கு வேண்டியது அன்றைய மொத்தம், மீன் வாரிக் கணக்கு, கமிஷன் போகப் படகுக்காரருக்குச் சேர வேண்டிய தொகை. லைப்ரரி விஷயத்தில் என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தேவை வந்த பிறகு எடுங்கள், எடுக்கும்போது பழசாகவும் சலிப்பாகவும் இருப்பதை எடுங்கள்.

முதல் படி: கருவிகள்

ஜிஹெச்சிஅப் என்ற நிறுவி ஒன்று போதும். கம்பைலரான ஜிஹெச்சி, லைப்ரரிகளை இறக்கிப் புராஜெக்டைக் கட்டும் கபால், ஸ்டாக், எடிட்டருக்கான லாங்குவேஜ் சர்வர் எல்லாவற்றையும் அதுவே இறக்கும், வெர்ஷனும் மாற்றித் தரும். உபுண்டுவில் இருந்தால் அதற்கு முன்னால் பில்ட்-எசென்ஷியல், லிப்ஜிஎம்பி-டெவ், லிப்எஃப்எஃப்ஐ-டெவ், லிப்என்கர்சஸ்-டெவ் நான்கையும் ஆப்ட் வழியாகப் போட்டுக்கொள்ளுங்கள். ஜிஎம்பி இல்லாமல் ஆரம்பித்தால் கடைசியில் லிங்க் ஆகும் இடத்தில்தான் அது கத்தும்.

ஜிஹெச்சியில் புத்தம்புது வெர்ஷனுக்கு ஓடாதீர்கள். ஜிஹெச்சிஅப் 'ரெக்கமெண்டட்' என்று குறித்திருப்பதை எடுத்தால் லாங்குவேஜ் சர்வரும் அதற்குப் பொருந்தும், லைப்ரரிகளும் அதற்குள் பழகியிருக்கும்.

கபாலா, ஸ்டாக்கா என்ற சண்டை ஓய்ந்து நாளாகிறது. ஸ்டாக் ஸ்டாக்கேஜ் தொகுப்பிலிருந்து, ஒன்றோடொன்று கம்பைல் ஆகும் என்று பார்த்து வைத்த வெர்ஷன்களை எடுக்கிறது. கபால் நீங்கள் சொன்ன எல்லைக்குள் தானே கணக்குப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறது. ஆபீஸில் ஸ்டாக் இருந்தால் ஸ்டாக். வீட்டில் புதிதாக ஆரம்பிக்கிறீர்கள் என்றால் கபால். வேலை முடிந்ததும் 'கபால் ஃப்ரீஸ்' போட்டுவிட்டால், ஆறு மாதம் கழித்தும் அதே வெர்ஷன்கள்தான் வரும்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். 'கபால் இன்ஸ்டால்' கட்டளையோடு 'லிப்' என்ற கொடியைச் சேர்த்து லைப்ரரியைப் பொதுவாகப் போடச் சொல்லும் குறிப்புகள் எங்கும் கிடைக்கும். பைதான் பழக்கத்தில் வருகிறவர்கள் உடனே செய்துவிடுவார்கள். அது வீட்டு டைரக்டரிக்குள் ஒரு என்விரான்மென்ட் ஃபைலை எழுதி வைக்கும், வேறொரு நாள் வேறொரு புராஜெக்டில் சம்பந்தமே இல்லாத மோதலாக வந்து நிற்கும். 'கபால் இனிட்' போட்டு ஒரு புராஜெக்ட் திறந்து, அதன் 'பில்ட்-டிபெண்ட்ஸ்' வரியில் லைப்ரரி பெயரை எழுதுங்கள். ஒரு பத்து வரி சோதனைக்கும் இதுதான் வழி.

4 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப் என்றால் பில்டை ஒரே ஒரு ஜாப்பில் ஓட விடுங்கள், எழுதும் காலத்தில் ஆப்டிமைசேஷனையும் அணைத்து வையுங்கள். சின்னச் சின்னத் திருத்தத்துக்கு முழு பில்ட் தேவையே இல்லை. ஜிஹெச்சிஐடி என்ற சின்னக் கருவியைப் பக்கத்து டெர்மினலில் ஓட விட்டால், ஃபைலைச் சேமித்ததும் பிழையைக் காட்டிவிடும்.

ஹாக்கேஜ் பக்கத்தைப் படிப்பது

ஹாஸ்கெல் லைப்ரரிகள் கிடக்கும் பொதுக் கிடங்குதான் ஹாக்கேஜ். ஏற்கெனவே வீட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கடைக்குப் போக வேண்டும். டெக்ஸ்ட், பைட்ஸ்ட்ரிங், கன்டெய்னர்ஸ், டைம், டைரக்டரி, ஃபைல்பாத், பிராசஸ், எம்டிஎல், எஸ்டிஎம் ஆகியவை ஜிஹெச்சியோடு சேர்ந்தே வருகின்றன. நம் கணக்கில் பாதி இவற்றிலேயே முடிந்துவிடும்.

வெளியிலிருந்து ஒன்றை எடுக்கும்போது நான் பார்ப்பது மூன்று. ஸ்டாக்கேஜில் இருக்கிறதா? மாற்றக் குறிப்பு ஒழுங்காக எழுதுகிறார்களா? தன்னோடு எத்தனை லைப்ரரியை இழுத்து வருகிறது? கடைசியாக அப்லோடு செய்த தேதியை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. வேலை முடிந்துபோன லைப்ரரி மூன்று வருடம் அசையாமல் இருக்கலாம், தவறில்லை. புது ஜிஹெச்சியில் கம்பைல் ஆகிறதா என்பதுதான் கேள்வி.

வெர்ஷன் எண்ணில் முதல் இரண்டு பகுதிகளும் சேர்ந்துதான் பெரிய மாற்றத்தைக் குறிக்கும். 1.4 என்பது 1.5 ஆனால் உங்கள் நிரல் உடையலாம். பழைய பாடத்தைப் பார்த்து எழுதி, கம்பைல் ஆகாமல் தவிப்பவர்கள் இதைத்தான் கவனிப்பதில்லை. ஜேசனுக்கான ஏசான் நல்ல உதாரணம். 2021-இல் வந்த 2.0-வில் ஆப்ஜெக்டின் உள்ளமைப்பை ஹாஷ்மேப்பிலிருந்து கீமேப் என்ற தனி டைப்புக்கு மாற்றினார்கள். அதற்கு முந்தைய பாடங்களில் ஆப்ஜெக்டைப் பிரித்து மேயும் துண்டுகள் பலவும் இப்போது அப்படியே ஓடாது.

பெயர் தெரியவில்லையா? ஹூகிள் என்ற தேடல் தளத்தில் டைப்பை எழுதித் தேடுங்கள். "டெக்ஸ்ட்டைக் கொடுத்தால் டெக்ஸ்ட் பட்டியல் வேண்டும்" என்பதை டைப்பாக எழுதினாலே ஃபங்ஷன்கள் வரிசையாக வந்து நிற்கும்.

ஃபைலைப் படிப்பது: தமிழ் உடையும் இடங்கள்

நம்மவர்கள் அதிகம் அடிபடுவது இங்கேதான். ஆங்கிலப் பாடங்களில் இது வராது, அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

சிஎஸ்விக்கு கசாவா. இதில் யோசிக்க ஒன்றும் இல்லை. தலைப்புப் பெயரை வைத்து ஒவ்வொரு வரியையும் உங்கள் ரெக்கார்டாக மாற்றித் தரும். ஆனால் 'மீன்' என்ற பத்தியைக் கேட்டால் அப்படி ஒரு பத்தியே இல்லை என்று சொல்லும். கண்ணெதிரே பத்தி இருக்கும்.

காரணம் இது. கசாவாவில் பத்திப் பெயர் என்பது பைட்ஸ்ட்ரிங், அதாவது வெறும் பைட் வரிசை. ஓவர்லோடட்ஸ்ட்ரிங்ஸ் என்ற மொழி நீட்டிப்பைப் போட்டுவிட்டு மேற்கோளுக்குள் 'மீன்' என்று எழுதினால், பைட்ஸ்ட்ரிங் ஒவ்வொரு குறியையும் 8 பிட்டுக்கு வெட்டிவிடும். 'ம' யூனிகோடில் 2990. அது ஒரு பைட்டில் அடங்காது, கடைசி 8 பிட் மட்டும் மிஞ்சும். கம்பைலர் வாயே திறக்காது. டைப்பைக் கட்டிக்கொண்டு அழும் மொழியில் இப்படி ஒரு ஓட்டையை விட்டு வைத்திருப்பது எனக்கு இன்னும் எரிச்சல்தான். வழி சுலபம்: பெயரை டெக்ஸ்ட்டாக எழுதி, 'என்கோட்யூடிஎஃப்8' வழியாக பைட்ஸ்ட்ரிங் ஆக்கிக் கொடுங்கள். பைட்ஸ்ட்ரிங் லிட்டரலில் தமிழே வரக்கூடாது என்று ஒரு சட்டம் வைத்துக்கொள்ளலாம்.

அதைச் சரி செய்த பிறகும் முதல் பத்தி மட்டும் கிடைக்கவில்லை என்றால் எக்ஸெல்லைப் பாருங்கள். யூடிஎஃப்-8 சிஎஸ்வி என்று சேமிக்கும்போது அது ஃபைலின் தலையில் மூன்று பைட் அடையாளம் ஒன்றை ஒட்டும். கசாவாவுக்கு அதுவும் 'நேரம்' என்ற பெயரின் பகுதியாகத் தெரியும். பைட்ஸ்ட்ரிங்கின் 'ஸ்ட்ரிப்பிரிஃபிக்ஸ்' கொண்டு அந்த மூன்றையும் உரித்துவிட்டு உள்ளே அனுப்புங்கள்.

அடுத்தது திரையில் காட்டுவது. 'பிரின்ட்' போட்டால் மீன் என்பது \2990\3008\2985\3021 என்று வரும். எதுவும் உடையவில்லை. 'பிரின்ட்' உள்ளே 'ஷோ'வைக் கூப்பிடுகிறது, 'ஷோ' ஆஸ்கி அல்லாத எல்லாவற்றையும் எண்ணாக்கும். டெக்ஸ்ட்டின் 'புட்ஸ்ட்ரிங்லைன்' போடுங்கள், மீன் மீனாகவே வரும்.

டெர்மினலில் நன்றாக ஓடியது, குறித்த நேரத்தில் தானே ஓட வைக்கும் கிரானில் போட்டதும் 'கமிட்பஃபர்: இன்வேலிட் ஆர்குமென்ட்' என்று விழுகிறதா? அங்கே லொக்கேல், அதாவது சிஸ்டத்தின் மொழி அமைப்பு, யூடிஎஃப்-8 இல்லை. டாக்கருக்குள்ளும் இதே கதை நடக்கும். மெயினின் முதல் வரியிலேயே 'செட்லொக்கேல்என்கோடிங்' வழியாக யூடிஎஃப்-8 என்று சொல்லிவிடுங்கள், அல்லது வித்-யூடிஎஃப்8 என்ற சின்ன லைப்ரரியால் மெயினைச் சுற்றிவிடுங்கள். ஃபைல்களுக்கு மட்டும் என்றால், டெக்ஸ்ட் 2.1-இலிருந்து லொக்கேலைக் கண்டுகொள்ளாமல் யூடிஎஃப்-8 ஆகவே படிக்கும் தனி மாட்யூல் இருக்கிறது. அதுவே சுத்தம்.

இதையெல்லாம் தாண்டி வந்தால் இன்னொன்று காத்திருக்கும். கடைக்காரர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, கொடுவா ரெண்டு எடத்துல காட்டுது?" என்பார். இரண்டு வரியிலும் அதே கொடுவாதான். ஆனால் 'கொ' என்பதன் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் வைக்கலாம், ஒற்றைக்கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் வைக்கலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. மீன் வாரிக் கணக்கை வைத்திருக்கும் மேப்புக்கு அவை இரண்டு வேறு சாவிகள். யூனிகோட்-டிரான்ஸ்ஃபார்ம்ஸ் என்ற லைப்ரரியை எடுத்து, ஃபைலிலிருந்து வரும் ஒவ்வொரு பெயரையும், குறிகளை ஒன்றாகச் சேர்த்த என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிட்டு உள்ளே விடுங்கள். அது சுத்த ஹாஸ்கெல், வெளி சி லைப்ரரி தொல்லை இல்லை.

நீளமும் அப்படித்தான். வஞ்சிரம் நமக்கு ஐந்து எழுத்து. டெக்ஸ்ட்டின் 'லெங்த்' 8 என்கிறது, யூடிஎஃப்-8 பைட்டில் 24. அந்த 8-ஐ நம்பி இடம் விட்டுப் பத்தியை நேராக்கப் பார்த்தால் ரிப்போர்ட் கோணல்மாணலாக நிற்கும். எழுத்தாக எண்ண வேண்டும் என்றாலும், அகர வரிசையில் அடுக்க வேண்டும் என்றாலும் டெக்ஸ்ட்-ஐசியு வேண்டும். யூனிகோட் எண் வரிசையில் ன என்பது ந-வுக்கு அடுத்தே உட்கார்ந்திருக்கிறது, நம் வரிசையில் அது கடைசி. மீன் பெயர் அடுக்குவதற்கு இவ்வளவு தேவையா என்பது உங்கள் கடைக்காரரைப் பொறுத்தது. டெக்ஸ்ட்-ஐசியுவுக்கு லிப்ஐசியு-டெவ் தனியாக வேண்டும் என்பதால் நான் கடைசி வரை தள்ளிப்போடுவேன்.

பணமும் எடையும்

டபுள் என்ற மிதவைப் புள்ளி டைப் வேண்டாம். 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வரும் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. தெரிந்தும் எழுதுகிறார்கள்.

ரூபாயைப் பைசாவாகவும் கிலோவைக் கிராமாகவும் முழு எண்ணில் வையுங்கள். இரண்டுக்கும் தனித்தனி நியூடைப், அதாவது எண்ணின் மேல் போர்த்திய தனி டைப். அப்போது கிராமையும் பைசாவையும் தெரியாமல் கூட்டினால் கம்பைலர் அங்கேயே நிறுத்திவிடும், ஓடும்போது கூடுதல் செலவும் கிடையாது. இதற்கு லைப்ரரியே வேண்டாம். ஹாஸ்கெல் எடுத்ததற்குப் பலன் கிடைக்கும் இடம் இதுதான்.

ஃபைலில் 12.350 என்று இருப்பதைப் படிக்க சயின்டிஃபிக் டைப்பைப் பயன்படுத்துங்கள், கசாவாவுக்கு அது தெரியும். 1000-ஆல் பெருக்கி 'டூபவுண்டட்இன்டிஜர்' வழியாக முழு எண் ஆக்கினால் 12350 வரும். யாராவது 12.3505 என்று தட்டியிருந்தால் 'நத்திங்' வரும், அந்த வரியைப் பிழை என்று தள்ளிவிடலாம். சயின்டிஃபிக்கை நேராக ரேஷனல் ஆக்காதீர்கள். ஒரு பெரிய அடுக்கு எண் உள்ளே வந்தால் மெமரி முழுவதையும் தின்றுவிடும்.

12350 கிராம், கிலோ 640 ரூபாய் என்றால் 7904 ரூபாய். கமிஷன் நூற்றுக்கு 5 என்று வைத்துக்கொண்டால் 395 ரூபாய் 20 பைசா. இது அழகாக வந்துவிட்டது, எல்லாம் இப்படி வராது. பைசாவுக்குக் கீழே உடையும்போது ஹாஸ்கெல்லின் 'ரவுண்ட்' பாதியில் நிற்கும் எண்ணைப் பக்கத்து இரட்டைப்படைக்குத் தள்ளும்: 2.5 என்பது 2, 3.5 என்பது 4. கடைக்காரர் நோட்டில் 2.5 என்றால் 3. ரவுண்டிங் ஃபங்ஷனை நீங்களே இரண்டு வரியில் எழுதிக்கொள்ளுங்கள். கமிஷனை மட்டும் ரவுண்ட் செய்து, படகுக்காரர் பங்கை மொத்தத்திலிருந்து கழித்து எடுங்கள். இரண்டையும் தனித்தனியாக ரவுண்ட் செய்தால் எங்கோ ஒரு பைசா இடிக்கும், அந்த ஒரு பைசாவுக்காக அரைநாள் தேடுவீர்கள்.

நேரம்

டைம் லைப்ரரியைத் தாண்டி எதுவும் தேவையில்லை. ஆனால் ஏலம் நடக்கும் நேரத்தைக் கவனியுங்கள். இங்கே அதிகாலை 2.30 என்றால் உலகப் பொது நேரமான யூடிசியில் முந்தைய நாள் இரவு 9 மணி. கிளவுட் சர்வரில் ஓடும் நிரல் யூடிசி நாளை எடுத்தால் ஞாயிற்றுக்கிழமை ஏலம் சனிக்கிழமைக் கணக்கில் போய் விழும். ஞாயிறுதான் காசிமேட்டில் கூட்டம் அலைமோதும் நாள், எண்கள் அப்பட்டமாக மாறித் தெரியும்.

நம் நேர வித்தியாசம் ஐந்தரை மணி. 'ஹவர்ஸ்டூடைம்ஸோன்' முழு மணியை மட்டும் வாங்கும். 'மினிட்ஸ்டூடைம்ஸோன்' எடுத்து 330 கொடுங்கள். அதை ஒரே இடத்தில் எழுதி, எல்லா இடத்திலும் அதையே கூப்பிடுங்கள். மெஷினின் ஸோனை நம்பாதீர்கள்.

கூட்டுவது

கன்டெய்னர்ஸில் மேப் இரண்டு உண்டு, லேசி, ஸ்ட்ரிக்ட். மொத்தம் சேர்க்க ஸ்ட்ரிக்ட். லேசியில் ஒவ்வொரு மீனுக்கும் கூட்டப்படாத கணக்குச் சங்கிலி சேர்ந்துகொண்டே போய், கடைசியில் மொத்தமாக மெமரியைப் பிடிக்கும். ஃபோல்ட் போடுவதாக இருந்தால் 'ஃபோல்ட்எல்' வேண்டாம், அதன் பிரைம் போட்ட (பெயரின் கடைசியில் ' குறி உள்ள) வடிவம். ஜிஹெச்சி 9.10-இலிருந்து அதைத் தனியாக இம்போர்ட் செய்யவும் தேவையில்லை. ஹாஷ்மேப் வேகம் என்பார்கள். ஒரு நாள் ஏலத்துக்கு அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது, வரிசையும் போய்விடும்.

பழைய மொத்தத்தைப் படித்து அதே ஃபைலில் திருப்பி எழுதும்போது 'ஃபைல் ஈஸ் லாக்ட்' என்று வந்தால், நீங்கள் ஸ்டிரிங் வகை 'ரீட்ஃபைல்' பயன்படுத்தியிருக்கிறீர்கள். அது சோம்பேறி, படித்து முடிக்கும்வரை ஃபைலை விடாது. டெக்ஸ்ட் வகை ஒரே மூச்சில் படித்து மூடிவிடும்.

அப்புறம், தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, ஃபைபர் படகுகள் மட்டும் போய் வரும். "விசைப்படகில் அதிக விலைக்குப் போன கூடை எது" என்று ஒரு வரி எழுதியிருந்தால், ஏப்ரல் 14 வரை ஒழுங்காக ஓடி, அதன் பிறகு காலிப் பட்டியலில் 'மேக்சிமம்' கூப்பிட்டு நிரல் கவிழும். ஜிஹெச்சி 9.8 முதல் 'ஹெட்', 'டெயில்' இரண்டுக்கும் எச்சரிக்கை வருகிறது. 'மேக்சிமம்' கூப்பிட்டால் அப்படி ஒன்றும் வராது. பேஸிலேயே இருக்கும் நான்எம்ப்டி டைப்புக்கு மாற்றிவிட்டு, காலியாக இருந்தால் என்ன காட்டுவது என்பதை அங்கேயே முடிவு செய்யுங்கள். சராசரிக்கும் இதே மருந்து.

சேமிப்பு, வலை, மற்றவை

ஒரு கடைக்கு எஸ்க்யூலைட்-சிம்பிள் தாராளம். எஸ்க்யூலைட்டே அதற்குள் சேர்ந்து கம்பைல் ஆகிவிடும். நாலு கடை ஒரே நேரத்தில் எழுதும் என்றால் போஸ்ட்கிரெஸ்கியூஎல்-சிம்பிள், அதற்கு லிப்பிகியூ-டெவ் முன்கூட்டியே வேண்டும். இரண்டிலும் எஸ்க்யூஎல்லை நீங்களே எழுதி, மதிப்புகளைக் கேள்விக்குறிக்குள் அனுப்புவீர்கள். பெர்சிஸ்டன்ட், எஸ்குவலெட்டோ, பீம், ஓபலை எல்லாம் நல்லவைதான். ஆனால் அவற்றின் டைப் பிழைச் செய்தியைப் படித்து முடிப்பதற்குள் ஒரு டீ ஆறிவிடும். டேபிள் பத்துக்கு மேல் போகட்டும், பிறகு பார்க்கலாம்.

வலைப்பக்கம் வேண்டுமென்றால் ஸ்காட்டி. மொபைல் ஆப்புக்கு ஏபிஐ கொடுத்து, அதன் டைப்பிலிருந்தே கிளையன்டும் ஆவணமும் வேண்டுமென்றால் சர்வன்ட். இரண்டுக்கும் அடியில் ஓடுவது வார்ப் என்ற வெப் சர்வர்தான், அதனால் வேகத்தைப் பற்றி வாதாட வேண்டாம்.

கட்டளை வரிக் கொடிகளுக்கு ஆப்ட்பார்ஸ்-அப்ளிகேட்டிவ். ரெக்கார்டின் உள்ளே எட்டி எடுக்கும் லென்ஸ் தேவையா என்று எல்லோரும் கேட்கிறார்கள். இந்த அளவுக்குத் தேவையில்லை. ஜிஹெச்சி 9.2 முதல் ஓவர்லோடட்ரெக்கார்ட்டாட் இருக்கிறது, ரெக்கார்டில் புள்ளி வைத்தே ஃபீல்டை எடுக்கலாம். எஃபெக்ட் சிஸ்டம் பற்றிய கேள்விக்கும் இதே பதில்: சாதாரண ஐஓ ஃபங்ஷனுக்கு ஆர்கியுமென்ட்டாகக் கனெக்‌ஷனைக் கொடுங்கள். அது கசக்க ஆரம்பித்தால் ரீடர்டி, அதுவும் போதாது என்றால் எஃபெக்ட்ஃபுல்.

சோதனை

சோதனைகளை ஓட்ட ஹெச்ஸ்பெக்கோ டேஸ்டியோ, எது கைக்கு வருகிறதோ அது. முக்கியமானது குவிக்செக். கோயன் கிளாசனும் ஜான் ஹியூஸும் 2000-இல் வெளியிட்ட யோசனை, பிறகு பல மொழிகளுக்குப் போய்விட்டது. நாம் உதாரணங்களை எழுதுவதற்குப் பதிலாக, எப்போதும் உண்மையாக இருக்க வேண்டிய ஒன்றை எழுதுகிறோம். எடையும் விலையும் என்னவாக இருந்தாலும் கமிஷனும் படகுக்காரர் பங்கும் கூடினால் ஏலத் தொகை வர வேண்டும். எந்தப் பெயரையும் இரண்டு முறை என்எஃப்சி ஆக்கினாலும் ஒரு முறை ஆக்கியதும் ஒன்றே. மீன் வாரி மொத்தங்களைக் கூட்டினால் நாள் மொத்தம். இந்த மூன்றும் இருந்தால் நிரலை எவ்வளவு வேண்டுமானாலும் கலைத்துப் போட்டு எழுதலாம்.

கடையில் கொண்டு போய் வைப்பது

'கபால் இன்ஸ்டால்' கட்டளையில் காப்பி முறையைக் குறிப்பிட்டு ஒரு ஃபோல்டரில் எக்சிக்யூட்டபிளை எடுங்கள். ஹாஸ்கெல் லைப்ரரிகள் எல்லாம் அதற்குள் அடங்கிவிடும், ஆனால் லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரியான ஜிலிப்சியும் ஜிஎம்பியும் வெளியிலிருந்துதான் வரும். புது உபுண்டுவில் கட்டியதைப் பழைய உபுண்டுவில் வைத்தால் ஜிலிப்சி வெர்ஷன் கிடைக்கவில்லை என்று விழும். எங்கே ஓடப் போகிறதோ அந்த அளவுக்குப் பழைய சிஸ்டத்தில் கட்டுங்கள், அல்லது ஆல்பைன் கன்டெய்னரில் ஜிலிப்சிக்கு மாற்றான மஸ்ல் வைத்து முழு ஸ்டாட்டிக்காகக் கட்டுங்கள்.

கடையில் விண்டோஸ்தான் இருக்கும். லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குக் கட்ட முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம். விண்டோஸ் மெஷினிலேயே ஜிஹெச்சிஅப் போடுங்கள், அல்லது கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் விண்டோஸ் ரன்னரில் கட்டி எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கறுப்பு ஜன்னலில் தமிழ் வர வைக்கப் போராடாமல் ரிப்போர்ட்டை சிஎஸ்வி ஃபைலாக எழுதிவிடுங்கள். எழுதும்போது, படிக்கையில் உரித்த அதே மூன்று பைட்டை இந்த முறை தலையில் ஒட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் கடைக்காரர் இரட்டை கிளிக் செய்ததும் எக்ஸெல் வஞ்சிரத்தைக் கிறுக்கலாகக் காட்டும்.